மூன்றாம் ஓலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை நிம்மதியாகச் சவரம் செய்ய விடக்கூடாது என்று எங்கள் வீட்டில் சட்டமே போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. பாதி முகம் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தேன். தங்கை கிருபா பின்னால் வந்து நின்று, "அண்ணா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். கத்தி கன்னத்தைக் கீறிவிட்டது.

அன்றைக்கு அவளுடைய மூன்றாம் ஓலை. எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது, தடை சொல்கிறவர்கள் இப்போதே சொல்லலாம் என்று பெண் வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் போதகர் வாசிப்பார். மூன்றாம் முறையும் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான். அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணை யாரும் சும்மா விடமாட்டார்கள். எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஓலை வாசிக்கும்போது பெண்ணும் மாப்பிள்ளையும் கோயிலில் இருக்கக்கூடாது. முதல் ஓலையிலிருந்து கல்யாண நாள் வரைக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அம்மா மட்டும் தாம்பரம் கோயிலுக்குப் போயிருந்தாள். கிருபாவுக்குத் துணை என்ற பெயரில் நான் இரும்புலியூர் வீட்டில் தங்கிவிட்டேன்.

"கார்டு அடிச்சாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. இப்ப வந்து வேண்டாங்கிறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன்.

"அவங்க பார்க்க வந்த அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கிருபா பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாப்பிள்ளை தயாளனை நேராகப் பார்த்து, கல்யாணத்துக்கு அப்புறமும் நான் வேலைக்குப் போகலாம்தானே என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அம்மா ஹில்டா முந்திக்கொண்டு, "எங்க வீட்டு மருமக வேலைக்குப் போய்க் கஷ்டப்படணும்னு அவசியமே இல்லம்மா" என்றார். தயாளன் தட்டில் இருந்த மிக்சரில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

"அவர் ஏதாவது பதில் சொல்வார், யார்கிட்டயாவது சொல்லி அனுப்புவார்னு ரெண்டு ஓலை வரைக்கும் பார்த்தேன். ஒண்ணுமில்லை. நான் போர்டு முன்னாடி நின்னாத்தான் நானா இருக்கேன் அண்ணா. அதை விட்டுட்டு அங்கே போய் என்ன பண்ணுவேன்?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் அதட்டி உட்கார வைத்திருப்பேன். "நீ பல்லாவரம் போ. இங்கே ஆராதனை ஆரம்பிச்சாச்சு, அம்மா முன் வரிசையில உட்கார்ந்திருப்பாங்க. அங்கே லேட்டாத்தான் ஆரம்பிப்பாங்க. ஓலை வாசிக்கிறதுக்கு முன்னாடி அந்த பாஸ்டர்கிட்ட சொல்லிடு. ஒரு கோயில்ல தடை சொன்னாலே போதும்."

அப்பா இல்லாத வீட்டுக்கு நான் பெரியவன். இவள் கல்யாணம் முடிந்தால்தான் என் கல்யாணப் பேச்சையே எடுப்பார்கள். போகவும் மனசில்லை, போகாமல் இருக்கவும் மனசில்லை. கன்னத்தில் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்த ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய வண்டி. அதைத் துடைக்கத் தெரியும், ஓட்டத் தெரியும், ஆபீசில் நாலு பேர் பார்க்கும்படி நிறுத்தத் தெரியும். வேறொன்றும் தெரியாது. தாம்பரம் தாண்டி, சானடோரியம் தாண்டி, குரோம்பேட்டை வந்ததும் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் தரையோடு தரையாக இருந்தது. பரவாயில்லை, ஸ்டெப்னி இருக்கிறதே என்று அதை அமுக்கிப் பார்த்தேன். அது அதற்கு முன்னாலேயே உயிரை விட்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு நான் காற்றே அடித்ததில்லை.

தள்ளிக்கொண்டு போய் ரோட்டோரத்தில் இருந்த பஞ்சர் கடையில் நிறுத்தினேன். ஓலைக் கொட்டகை, வாசலில் தொங்கும் பழைய டயர், ஒரு தொட்டித் தண்ணீர். கடைக்காரரைக் காணோம். அவர் மனைவி அங்காளம்மா அரிவாள்மணையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"அவுரு இல்ல சார். மச்சான் வூட்ல விசேஷம்னு கோவளம் போயிகிறாரு. பொழுது சாஞ்சாதான் வருவாரு."

"பக்கத்துல வேற கடை இருக்கா?"

"ஞாயித்துக்கெயமைல எவன் தொறந்து வெச்சிகினு குந்திகினு இருப்பான்? சாமானெல்லாம் உள்ளதான் கீது. உனுக்குத் தெரிஞ்சா நீயே போட்டுக்கோ. எனுக்கு ஒண்ணியும் தெரியாது, என்ன எதுவும் கேக்காத."

ஸ்கூட்டர் சக்கரத்தில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கும். உள்வட்டம் சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும். வெளிவட்டம் சக்கரத்தின் இரண்டு பாதிகளை ஒன்றோடொன்று பிடித்திருக்கும். இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்கு என் கண்ணில் பட்டது வெளிவட்டம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினேன். சக்கரம் வண்டியை விட்டு வரவே இல்லை. வண்டியில் இருந்தபடியே வாயைப் பிளந்துகொண்டது, டயர் ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் எதை உடைத்தேன் என்றே புரியவில்லை. கையெல்லாம் கிரீஸ், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸ். சக்கரத்தைக் கட்டிப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்தேன்.

பல்லாவரம் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளை வேகவேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார். கொஞ்ச தூரம் தாண்டிப் போனார், நின்றார், திரும்பி வந்தார். மாப்பிள்ளை தயாளன்.

"என்ன மச்சான், பஞ்சரா?"

"ஆமா மாப்பிள்ளை" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது நாக்கு பிசகியது. இவருடைய கல்யாணத்தை நிறுத்தத்தானே போய்க்கொண்டிருக்கிறேன். "இந்தப் பக்கம் எங்கே?"

"சும்மாதான். தாம்பரத்துல ஒரு ஃப்ரெண்டு. நீங்க?"

"நானும் சும்மாதான். பல்லாவரத்துல ஒருத்தரைப் பார்க்கணும்."

இரண்டு பேரும் சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர். சக்கரத்தைப் பற்றி அவருக்கு என்னைவிட ஒரு பிடி கூடத் தெரியும், அவ்வளவுதான். உள்வட்ட நட்டுகளைக் கண்டுபிடித்தது அவர். சக்கரத்தை வெளியே எடுத்தோம். ட்யூபை உருவி, காற்றடித்து, தொட்டியில் முக்கினோம். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் ஒரு பக்கம் அமுக்க, நான் ஒரு பக்கம் அமுக்க, கடைசியில் காற்றடிக்கிற மௌத் பக்கத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட மாதிரி அவர் என் தோளைத் தட்டினார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஓட்டை இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிவிட்டு, அது காய்வதற்காகக் காத்திருந்தோம். அவர் தாம்பரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பல்லாவரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமில்லாத ஆள் இப்படியா ரோட்டைப் பார்ப்பார் என்று எனக்குள் குடைந்தது. யார் அந்த ஃப்ரெண்டு? மூன்றாம் ஓலை அன்றைக்கு, எல்லாரும் கோயிலில் இருக்கும் நேரத்தில், ஒளிந்து ஒளிந்து போய்ப் பார்க்கும்படியான ஃப்ரெண்டு? வேறே யாராவது பெண்ணா? அப்படியானால் நல்லதாயிற்று, தடை சொல்ல எனக்கும் ஒரு காரணம் கிடைக்கும் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே, பாவம், எவன் வீட்டு ஸ்கூட்டருக்கோ கையை அழுக்காக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்றும் தோன்றியது.

"இன்னா ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பாத்துகினு கீறீங்க? யாருக்கு நோட்டம் வுடுறீங்க?" என்றாள் அங்காளம்மா.

பேட்ச் ஒட்டினோம். ட்யூபை உள்ளே வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து, நட்டுகளை முடுக்கினோம். பம்ப் அடித்தேன். டயர் எழுந்தது. எழுந்த வேகத்தில் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் ட்யூப் இரண்டு பாதிக்கும் நடுவில் மாட்டி நசுங்கி, புதிதாக இன்னொரு ஓட்டை விழுந்திருந்தது.

தயாளன் ஸ்பேனரை விசிறி எறிந்தார். அது தொட்டியில் பட்டு ணங்கென்று கேட்டது. "சனியன் பிடிச்ச வண்டி! இதைக் கட்டிக்கிட்டு அழணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்று கத்தினார்.

ஆகா, இப்போதுதான் சுயரூபம் தெரிகிறது, கிருபா சொன்னது சரிதான் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அவர் எழுந்து போய் ஸ்பேனரை எடுத்துத் துடைத்து வைத்தார். அங்காளம்மாவிடம், "மன்னிச்சுக்கோங்கம்மா, கோபத்துல எறிஞ்சிட்டேன்" என்றார். கோபப்பட்டதைப் பார்த்தால் கெட்டவர், மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தால் நல்லவர். ஒரு டயரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை எப்படி எடை போடுவது? என் தலைக்குள் எல்லா நட்டும் கழன்று கிடந்தது.

மறுபடி உப்புத்தாள், மறுபடி சொல்யூஷன், மறுபடி காத்திருத்தல்.

"மச்சான், உங்க தங்கச்சி ஏதாவது சொன்னாங்களா?" என்று அவர் கேட்டார், ட்யூபைப் பார்த்தபடி.

"என்ன சொல்லணும்?"

"அன்னிக்கு அவங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லியிருக்கணும். அம்மா சொல்லிட்டாங்க. பெரியவங்க நாலு பேர் இருக்கிற இடத்துல அம்மாவை மறுத்துப் பேசினா அவங்களுக்கு அசிங்கமாயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்னு நினைச்சேன். அங்கேயும் பேசலை. அதுக்குள்ள முதல் ஓலை வாசிச்சாச்சு, இனிமே பார்க்கவே கூடாதுன்னுட்டாங்க."

சொல்யூஷன் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"எல்லாரும் கோயிலுக்குப் போற இந்த நேரத்துலதான் அவங்க வீட்ல தனியா இருப்பாங்க. நீங்களும் கோயில்ல இருப்பீங்கன்னு நினைச்சேன். போன ஞாயிறு சானடோரியம் வரைக்கும் வந்துட்டுப் பயந்து திரும்பிட்டேன். இன்னிக்கு எப்படியாவது பார்த்து, நீங்க வேலையை விட வேண்டாம்னு சொல்லிடணும்னு கிளம்பினேன். பார்த்தா நீங்க ரோட்டோரம் சக்கரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. நான் உங்களைப் பார்த்ததை நீங்களும் பார்த்துட்டீங்க. அப்புறம் எப்படித் தாண்டிப் போறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரிய மனசு பண்ணி உதவி செய்கிறார் என்று இவ்வளவு நேரம் நான் கூசிக்கொண்டிருந்த ஆள், என்னிடம் மாட்டிக்கொண்டு தவித்த ஆள். அவர் போக வேண்டிய ஒரு மணி நேரத்தை நான் தின்றிருக்கிறேன். நான் போக வேண்டிய நேரத்தை அவர் தின்றிருக்கிறார்.

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. "நான் உங்க கோயிலுக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன் மாப்பிள்ளை. ஓலையை நிறுத்தச் சொல்ல. கிருபா வேண்டாங்கிறா" என்றேன்.

அவர் கையில் இருந்த பேட்ச் கீழே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. ஒரு ஆள் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

அங்காளம்மா மீனை விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். "இன்னா சார் இது, ஒரே பேஜாரா கீது! நீ கல்யாணத்த நிறுத்தப் போறே. அவுரு பொண்ணப் பாக்கப் போறாரு. நடுவுல எங்கூட்டுத் தொட்டிதான் கெடச்சிதா?"

"இந்நேரம் அங்கே வாசிச்சிருப்பாங்க" என்றார் தயாளன். "மச்சான், நான் இப்ப அவங்ககிட்ட போகட்டுமா, அம்மாகிட்ட போகட்டுமா? எனக்கு ஒண்ணும் ஓடலை."

"என்னைக் கேட்டா?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு மட்டும் என்ன ஓடியது? "கிருபா கேட்டது உங்களை. பதில் சொன்னது உங்கம்மா. அவங்களை விட்டுட்டு இவகிட்ட வந்து ரகசியமாச் சொன்னா, அதை என்ன கணக்குல எடுத்துக்கிறது?"

அவர் குனிந்து, கீழே விழுந்ததை எடுத்தார். பேட்ச்சை ஒட்டினார். இந்தத் தடவை ட்யூபில் கொஞ்சம் காற்றை ஏற்றிக்கொண்டு உள்ளே வைத்தோம். எங்கும் மாட்டுகிறதா என்று சுற்றிச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு முடுக்கினோம். அவர் பம்ப் அடித்தார், நான் பிடித்துக்கொண்டேன். காற்று நின்றது. இரண்டு பேரும் குனிந்து காதை வைத்துக் கேட்டோம். அப்புறம் அவர் கையைக் கூடக் கழுவாமல் சைக்கிளில் ஏறி, வந்த வழியே பல்லாவரத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்தேன். கிருபா வாசலுக்கே ஓடி வந்தாள். "சொல்லிட்டியா?"

"இல்லை. பஞ்சர்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பல்லாவரத்துக்கே திரும்பிப் போனார் என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அவள் கேட்டுவிட்டு, "பஞ்சர் ஒட்டத் தெரியுது, ரெண்டு பேருக்கும் வாயைத் திறக்கத் தெரியலை" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மா கோயிலிலிருந்து பூரிப்போடு வந்தாள். மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்றாள். கிருபாவுக்குத் தலைவலி என்று சொன்னேன். மத்தியானம் கறிக்குழம்பை நானும் கிருபாவும் தொடவில்லை. அம்மா மட்டும், கல்யாணப் பெண்ணுக்கு இப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாயங்காலம் ஹில்டா அம்மாள் வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தயாளன் உள்ளே வரவில்லை, தெருக்கோடியிலேயே நின்றுவிட்டார். எங்கள் அம்மா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. "கிருபாவைப் பார்க்கணும்" என்றார்.

கிருபா கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். நான் நடுவில் போய் நிற்பதா, விலகுவதா என்று தெரியாமல் தூணோடு ஒட்டிக்கொண்டேன்.

"இவன் இன்னிக்குக் கோயில் வாசல்ல, அத்தனை பேர் முன்னாடி, கையெல்லாம் கரியோட வந்து நிக்கிறான். 'அந்தப் பொண்ணு என்னைக் கேட்டதுக்கு நீங்க ஏம்மா பதில் சொன்னீங்க'ன்னு கேட்டான். பிறந்ததுலேருந்து என்னை ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டதில்லை" என்றார் ஹில்டா அம்மாள். "எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கல்யாணமே வேண்டாம்னு சொல்லத்தான் பஸ் ஏறினேன்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"பஸ்ஸுல வரும்போதுதான் யோசிச்சேன். என்னைப் பார்க்க வந்தப்ப என் மாமியார் இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. எங்க வீட்டு மருமக வேலைக்குப் போகணும்னு அவசியமில்லைன்னு. எங்கம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். நல்ல குடும்பத்துல அப்படித்தான் சொல்வாங்கன்னு நினைச்சேன். உனக்குப் பெருமையா இருக்கட்டும்னுதாம்மா சொன்னேன். உன்னைத் தடுக்கணும்னு சொல்லலை."

கிருபா அவரையே பார்த்தாள். "நீங்க வேலைக்குப் போயிட்டிருந்தீங்களா அத்தை?"

"பாளையங்கோட்டையில மூணாம் வகுப்பு டீச்சர். ஒரு வருஷம் கூட முழுசா இல்லை."

"விட்டப்ப எப்படி இருந்துச்சு?"

ஹில்டா அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதை யாரும் என்னைக் கேட்டதில்லையேம்மா" என்றார். அப்புறம், தரையைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வது மாதிரி மெதுவாக ஆரம்பித்தார். "ஆறுமுகம். அன்னபாக்கியம். சின்னத்துரை. ஞானப்பூ. இசக்கிமுத்து. மாசானம்..."

அது என்ன பெயர்கள், எதற்குச் சொல்கிறார் என்று அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கும் விளங்கவில்லை. கிருபாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் போய் அந்த அம்மாள் காலடியில் உட்கார்ந்து, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ஹில்டா அம்மாள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பிள்ளை பதில் சொல்வதற்கு இடம் விட்டு, அடுத்த பெயரைச் சொன்னார். அந்த வகுப்பு முழுக்க அவருக்கு ஞாபகம் இருந்தது. கடைசிப் பெயர் வருவதற்குள் கிருபா அழ ஆரம்பித்துவிட்டாள்.